பொன்னர் பொத்தானை விடவில்லை

பேய்க்கதைகளைக் கேட்ட மாத்திரத்தில் கொன்றுவிடுவது என் வழக்கம். அதற்கு மந்திரம் தேவையில்லை, ஒரு கேள்வி போதும்: "என்ன திகதி?" சொல்பவர் உடனே தடுமாறுவார். "அது ஒரு வெள்ளிக்கிழமை போலை" என்பார். எந்த மாதத்து வெள்ளி, பள்ளிக்கூட விடுமுறைக்கு முன்னா பின்னா என்று நான் தொடர்ந்தால் பேய் கதையை விட்டு இறங்கிப் போய்விடும், சற்று நேரத்தில் சொன்னவரும் எழுந்து போய்விடுவார். பாரிஸ் லா சப்பல் பகுதித் தேத்தண்ணிக் கடைகளில் இப்படி நான் ஒழித்த பேய்கள் அநேகம். ஆவிகளைப் பற்றிப் பெரியவர்கள் எழுதிய புத்தகங்களையும் விடாமல் வாசித்திருக்கிறேன். எல்லாவற்றின் ஓரத்திலும் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். ஆகவே இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் நான் கோபிக்கப் போவதில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஆனால் என்ன திகதி என்று கேட்டால் மட்டும் என்னிடம் பதில் இருக்கிறது. ஐப்பசியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பச் சொல்வார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை. போன வருஷத்து ஞாயிறு.

எங்களிடம் ஒரு சி.பி. வானொலிக் கூட்டம் இருக்கிறது. நெடுஞ்சாலையில் பொலிஸ் எங்கே நிற்கிறது என்று லொறிச் சாரதிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஒரு காலத்தில் பாவித்த பெட்டிதான். பரீட்சை வேண்டாம், படிப்பு வேண்டாம். ஒரு பெட்டி, ஒரு மைக், பல்கனிக் கம்பியில் ஒரு அன்ரெனா. லா சப்பலிலிருந்து புறநகரான சார்செல் வரை சிதறிக் கிடக்கும் யாழ்ப்பாணத்தார் ஐந்தாறு பேர் ஞாயிறு பின்னேரங்களில் அதில் கூடுவோம். கைபேசி இருக்க இது எதற்கு என்று என் மகள் பிரெஞ்சில் கேட்பாள். கைபேசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கலாம், அதனால் ஒருவரும் கேட்பதில்லை. இதில் ஒருவர் மைக்கின் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் அவர் விடும்வரை மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டே ஆகவேண்டும் என்று நான் தமிழில் பதில் சொல்வேன். அவள் காதில் இயர்போனைச் செருகிக்கொள்வாள்.

இந்த வசதியைப் பொன்னரைப் போல அனுபவித்தவர் வேறொருவர் இல்லை. பொன்னுத்துரை என்பது முழுப்பெயர். சார்செல் தொடர்மாடி ஒன்றின் உச்சித் தளத்தில் மனைவி மணியக்காவோடு குடியிருந்தார், உணவகக் குசினிகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எங்கள் கூட்டத்துக்குத் தன்னைத்தானே 'சேர்மன்' ஆக்கிக்கொண்டவர். முதலில் பொத்தானை அமுக்குவார். பிறகு, எல்லோருடைய காதுக்குள்ளும், இரண்டு தரம் தொண்டையைக் கனைப்பார். கரகரவென்று, ஒரு பழைய வான் வண்டி குளிர்காலத்தில் இயங்க மறுப்பதுபோல. அதன் பிறகே பேச்சு. அந்தக் கனைப்புக்கு முன் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைக்க எங்கள் கைகள் தாமாகவே பழகியிருந்தன. பேசத் தொடங்கினால் பொத்தானை விடமாட்டார். நடுவில் நான் எழுந்துபோய்ச் சோறு தின்று கை கழுவி வந்திருக்கிறேன், அவர் அதே கதையில்தான் நிற்பார்.

எனக்குக் 'கலண்டர்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். காரணம், அவருடைய திகதிகளை நான் திருத்துவேன். குறிப்பாக ஒன்றை. தான் பாரிசுக்கு வந்து இறங்கியது ஆவணி மாதத்தில் என்று பொன்னர் சாதிப்பார். நல்ல வெயிலாம், அரைக்கைச் சட்டையாம், வடக்கு ரயில் நிலையத்து வாசலில் நின்று முதல் வேலையாக ஒரு ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டாராம். ஆனால் வேறொரு நாள், வேறொரு கதையில், அதே மனிதர் வந்து இறங்கிய அன்றே வாழ்க்கையில் முதன்முதலாகப் பனி கொட்டுவதைக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். நான் விடுவேனா?

"அண்ணை, ஆவணியிலை எங்கை பனி கொட்டினது?"

"அப்ப கொட்டினது. இப்பதான் உலகம் சூடாகிப்போச்சு. நீர் பேப்பர் வாசிக்கிறேல்லையோ காணும்?"

இதுதான் பொன்னர். நான் எல்லாவற்றையும் ஒத்துப்பார்த்து, அவர் வந்தது தை மாதம் என்று முடிவுகட்டி வைத்திருந்தேன். அவர் ஆவணியை விட்டுக் கொடுக்கவில்லை. வருஷக்கணக்காக ஞாயிறுதோறும் இந்த வழக்கு நடந்தது, தீர்ப்பு வருமுன் அவர் போய்விட்டார். தூக்கத்திலேயே, எந்த அறிவிப்புமில்லாமல். அவர் சத்தமில்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான் என்று எங்கள் யோகன் அழுதுகொண்டே சொன்னான்.

யோகனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவனும் சார்செல்தான், பொதி விநியோகிக்கும் வான் ஓடுகிறான், எங்கள் கூட்டத்தில் வயர் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள். பொன்னரின் சவப்பெட்டியை மூடுமுன் அவருடைய மைக்கைக் கொண்டுவந்து அவர் கைக்குள் வைத்தவன் அவன்தான். அந்தச் சுருள் வயர் மாலைக்கு மேலாக நெஞ்சில் கிடந்தது. எரியூட்டும் இடத்து அதிகாரி ஓடிவந்து, உள்ளே பாட்டரி ஏதும் உண்டா, வெடித்துவிடும் என்று கேட்டார். யோகன் இல்லை என்று பிரெஞ்சில் விளக்கினான். மணியக்கா என் மனைவியிடம் திரும்பி, "குடுத்துவிடுங்கோ தங்கச்சி, இல்லாட்டி அங்கை போய் என்ரை காதைத்தான் தேடுவார்" என்றா. அந்த மைக் அவரோடு எரிந்தது. நான் கண்ணால் கண்டேன். இதை நினைவில் வைத்திருங்கள்.

ஒரு வருஷம் போனது. ஆட்டத்திவசம் திதிப்படி ஒரு நாளில் வந்தது, நாட்காட்டிப்படி இன்னொரு நாளில் வந்தது. எது சரி என்று நான் விளக்கத் தொடங்கியபோது ஐயர் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். திவசம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் மணியக்கா என் பக்கத்தில் வந்து இருந்தா. ஒரு வருஷமாக அவ முன்னறைக்குள் போய் இருப்பதில்லை, பொன்னரின் பெட்டி இருக்கும் அந்த மூலையைப் பார்ப்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். லண்டனிலிருக்கும் மகளிடம் போய்விடும் யோசனையும் இருந்தது.

"தம்பி, நீங்கள் எல்லாரும் அவருக்கு ஒருக்கா உதிலை ஒழுங்காச் சொல்லி அனுப்பிவிடுங்கோ. நான் இருந்து கேக்கிறன். ஒருக்காத்தான். அதுக்குப் பிறகு யோகன் வந்து உந்தப் பெட்டியைக் கழட்டிக்கொண்டு போகட்டும். பாத்துக்கொண்டு இருக்க ஏலாமல் கிடக்கு."

மணிக்கூடு மாற்றும் ஞாயிறு என்று நாள் குறித்தோம். அஞ்சலி உரையை எழுதி வாசிக்கும் பொறுப்பு எனக்கு. ஒரு மனிதரை வழியனுப்பும் ஒரே சந்தர்ப்பம், கேட்கப்போவது அவருடைய மனைவி, இரண்டாம் தரம் கிடையாது. என் வாழ்க்கையில் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன். பிறப்பு, பள்ளிக்கூடம், கப்பல், விமானம், குசினிகள், எல்லாம் கால வரிசையில். எழுதி முடித்து, அந்த வாரத் தொடக்கத்தில் யோகனோடு ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று மைக்கை எடுத்துப் பொத்தானை அமுக்கினேன்.

ஊளை என்றால் அப்படியொரு ஊளை. கத்தியைச் சாணை பிடிப்பதுபோல் தொடங்கி, ஏறி ஏறி, பற்களின் வேருக்குள் போய் நின்றது. என் மனைவி சுகந்தி குசினியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். கீழ்மாடி மதாம் தன் தளத்திலிருந்து கூட்டும் தும்புத்தடியால் எங்கள் தரையில் இடித்தா. தனியாக வாழும் வயதான பிரெஞ்சுப் பெண்மணி. பிறகு மேலே ஏறி வந்து, தன்னுடைய குளியலறை வானொலிக்குள்ளும் அந்தச் சத்தம் வந்ததென்றும் இது தொடர்ந்தால் கட்டட நிர்வாகத்திடம் சொல்லி அன்ரெனாவைக் கழற்றுவிப்பேன் என்றும் மிகவும் மரியாதையாகச் சொன்னா.

யோகன் அடுத்த நாள் மத்தியானம் வானை எங்கள் கட்டடத்துக்குக் கீழேயுள்ள கடை வாசலில், நின்ற கார்களுக்குப் பக்கத்தில் இரண்டாம் வரிசையாக நிறுத்திவிட்டு ஓடிவந்தான். ஊளை ஏன் வருகிறது என்று அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பிறகு தேவைப்படும். திறந்திருக்கும் ஒரு மைக்கும் அதன் சத்தம் வெளியே வரும் ஒரு ஸ்பீக்கரும் ஒரே அறையில் கிட்டக் கிட்ட இருந்தால், ஸ்பீக்கர் சொல்வதை மைக் கேட்கும், மைக் கேட்டதை ஸ்பீக்கர் திரும்பச் சொல்லும், அதை மைக் மறுபடி கேட்கும். ஒன்றின் வாலை ஒன்று பிடித்துச் சுற்றிச் சுற்றி, கடைசியில் ஊளை. ஆகவே ஊளை கேட்டால் தேடவேண்டியது, எந்த மைக் திறந்திருக்கிறது என்பதை.

பிறகு என் மைக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணை, இதென்ன?"

"மைக்."

"அது தெரியுது. இதுக்கு மேலை?"

"பிளாஸ்ரிக் பை" என்றாள் சுகந்தி. "கறிப்புகை படும் எண்டு நான்தான் போட்டு றப்பர் பாண்டும் போட்டனான்."

யோகன் அறையைச் சுற்றிப் பார்த்தான். தொலைக்காட்சியின் ரிமோட் உறைக்குள் இருந்தது. சோபா வாங்கிய நாளின் பொலித்தீனோடு இருந்தது. அலமாரிக்கு மேலிருந்த சூட்கேசுகள் மூன்று சுற்றுச் சுற்றப்பட்டிருந்தன. எங்கள் ஆட்களின் எந்த வீட்டுக்குப் போனாலும் இதுதானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

"மைக்குக்கு மழைக்கோட்டு போட்டால் உங்கடை குரல் உள்ளை போகாது. போகாதபடியாத்தான் நீங்கள் சத்தத்தைக் கூட்டுற குமிழை முழுக்கத் திருப்பி வைச்சிருக்கிறியள். பிறகு எறும்பு நடந்தாலும் அதுக்குக் கேக்கும், ஊளை வராமல் தாலாட்டே வரும்?"

பையைக் கழற்றினான். குமிழைக் குறைத்தான். நான் கதைப்பது எனக்கே கேட்கும்படி போட்டிருந்த சுவிட்சை நிறுத்தினான். மைக்குக்கு அருகில் வைத்திருந்த ஸ்பீக்கரை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனான். நான் பொத்தானை அமுக்கி, "வணக்கம், இன்று மழை" என்றேன். கண்ணாடிபோல் சுத்தம். பத்து நிமிடத்தில் பிரச்சினை முடிந்தது. யோகனுக்கு ஒரு தேத்தண்ணி, ஒரு வடை. வானுக்கு ஒரு தண்டச் சீட்டு.

இதுவரை இதில் அமானுஷ்யம் ஒன்றுமில்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

அன்று பின்னேரம் உரையை முழுதாக வாசித்துப் பார்த்தேன். யோகன் வானை எங்கோ ஓரமாக நிறுத்தி, அதிலுள்ள பெட்டியில் கேட்டுக்கொண்டிருந்தான். பிறப்பு, பள்ளிக்கூடம், கப்பல், எல்லாம் சுத்தம். "பொன்னுத்துரை அவர்கள் ஒரு தை மாதத்துக் கடுங்குளிரில் பாரிஸ் மண்ணில் கால்வைத்தார்" என்றேன்.

ஊளை.

பொத்தானை விட்டேன், நின்றது. வயர்களைச் சரிபார்த்தேன், மறுபடி வாசித்தேன். "தை மாதத்துக் கடுங்குளிரில்" என்ற இடத்தில் மறுபடி ஊளை. கீழே தும்புத்தடி. நான் விட்டுவிடுகிற ஆள் இல்லை. முறையாகச் சோதிப்பது என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். "தைப்பொங்கல்" என்றேன், அமைதி. "கடுங்குளிர்" என்றேன், அமைதி. "யோகன் தை மாதம் பாரிசுக்கு வந்தான்" என்று பொய்யொன்று சொல்லிப் பார்த்தேன், பரிபூரண அமைதி. "பொன்னர் தை மாதம் வந்தார்" என்றேன். ஊளை. கடைசியாக, எனக்கே கூச்சமாக இருந்தது, குரலைத் தாழ்த்தி, "பொன்னர் ஆவணியில் வந்தார்" என்றேன்.

நம்புங்கள் நம்பாமல் விடுங்கள், அவ்வளவு தெளிவான ஒலிபரப்பு அந்தப் பெட்டியிலிருந்து அதற்கு முன் போனதே இல்லை என்று யோகன் பிறகு சொன்னான். அப்போது அவன் சொன்னது வேறு: "அண்ணை, அந்தாள் இன்னும் விடேல்லைப் போலை கிடக்கு."

"பேய்க்கதை கதையாதை. அன்ரெனாவிலைதான் ஏதோ பிழை" என்றேன்.

"அன்ரெனாவுக்குத் தையும் ஆவணியும் தெரியுமோ?"

சுகந்திக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. பெட்டிக்குக் கண்ணூறு என்று முதலில் சொன்னாள். செத்தல் மிளகாயைச் சுற்றிக்கொண்டுபோய்க் குசினி நெருப்பில் போட்டதில் புகை அலாரம் கத்தத் தொடங்கி, ஊளையை விட அது மோசமாகி, கீழ்மாடி மதாம் இம்முறை வீட்டுச் செருப்போடேயே ஏறி வந்தா. மிளகாய்ப் புகையில் இருமி இருமி அவ சொன்ன எதுவும் எனக்கு விளங்கவில்லை, அது நல்லதுக்குத்தான். அடுத்து ஒரு தேசிக்காயை வெட்டிப் பெட்டிக்கு இரு பக்கமும் வைத்தாள். நான் "தை" என்றேன். ஊளையில் ஒரு துளி குறையவில்லை. அதன் பிறகு சுகந்தி கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஆவணி எண்டே வாசிச்சுவிடுங்கோவன். என்ன குறைஞ்சுபோகும்?"

"அது பிழையான திகதி."

"ஆருக்குப் பிழை? அந்த மனிசன் செத்து ஒரு வருசமாச்சு."

"செத்தவருக்காக வரலாற்றை மாத்தேலாது."

"வரலாறு ஞாயிற்றுக்கிழமை கதிரையிலை இருந்து கேக்கப்போறேல்லை. மணியக்காதான் கேக்கப்போறா. ஒரு வருசமா முன்னறைக்குள்ளை கால் வைக்காத மனிசி, ஒருக்காக் கேக்கிறன் எண்டு சொல்லி வந்து இருக்கேக்கை நீங்கள் அவவின்ரை காதுக்குள்ளை ஊளையோ விடப்போறியள்?"

அந்த வாரம் முழுவதும் பெட்டியைக் கழற்றிப் பூட்டினேன். புது வயர் போட்டேன், அன்ரெனாவைக் கம்பியின் மறு முனைக்கு மாற்றினேன், மைக்கை வெறும் கையால் பிடிக்காமல் கையுறை போட்டுப் பிடித்தும் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது, பொன்னரின் தை மாதத்தைத் தவிர. ஒருதரம் கோபம் வந்து, "பனி கொட்டினதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!" என்று வெறும் பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். மகள் தன் அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

அந்த ஞாயிறும் வந்தது. மணிக்கூட்டைத் திருப்பிய நாள் என்பதால் பின்னேரமே ஜன்னல் இருட்டிவிட்டிருந்தது. நாளில் ஒரு மணித்தியாலம் கூட வருவதைப் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன், அது வெறும் நிர்வாக ஏற்பாடு, ஆனாலும் அன்று அந்தக் கூடுதல் மணித்தியாலம் யாருடையது என்ற யோசனை மனதில் வந்து வந்து போனது. யோகன் முதல் நாளே மணியக்கா வீட்டுக்குப் போய், பொன்னரின் பெட்டியைத் துடைத்து, எங்கள் அலைவரிசையில் வைத்து, இந்தக் குமிழை மட்டும் திருகினால் போதும் என்று காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருந்தான். மைக் இல்லாத பெட்டி கேட்கும், பேசாது. அவவுக்குக் கேட்டால் போதுமே.

எல்லோரும் அவரவர் வீட்டில் காத்திருந்தார்கள். சுகந்தி பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள். பெட்டிக்கு அருகில் ஒரு தேத்தண்ணியும் வைத்திருந்தாள், யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பொத்தானை அமுக்கி வாசிக்கத் தொடங்கினேன். பிறப்பு. பள்ளிக்கூடம். கப்பல். தாளில் அடுத்த வரி எனக்குத் தெரியும், என் கையெழுத்தில் 'தை' என்று இருந்தது. சுகந்தி என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறைக்கு வந்து இருக்கும் மணியக்காவை நினைத்தேன்.

"பொன்னுத்துரை அவர்கள் ஒரு ஆவணி மாதத்து நல்ல வெயிலில், அரைக்கைச் சட்டையோடு, பாரிஸ் மண்ணில் கால்வைத்தார்" என்றேன்.

ஒரு கரகரப்புமில்லை. மிச்சத்தையும் வாசித்து முடித்தேன். "போய்வாருங்கள், சேர்மன்" என்று சொல்லிப் பொத்தானை விட்டேன். அடுத்தது யோகன் பேசவேண்டும்.

பேசியது யோகன் இல்லை.

ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். தூரத்திலிருந்து, ஒரு அறையின் மறு பக்கத்திலிருந்து வருவதுபோல். எங்களோடு கதைக்கிற குரல் இல்லை அது, தனக்குள்ளேயே கதைக்கிற குரல்.

"பாருங்கோவன், ஆவணியாம். அந்தத் தம்பியும் உங்கடை புழுகை நம்பிப்போட்டுது."

சுகந்தி என் கையைப் பிடித்தாள். மணியக்கா!

"ஆவணியாம், அரைக்கைச் சட்டையாம். தை மாதக் குளிருக்கை ஜெர்மனியிலை ஆரோ குடுத்த பொம்பிளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினனீங்கள். கழுத்திலை மயிர் வைச்ச ரோஸ் கலர். அந்த வெக்கத்திலைதானே சாகுமட்டும் ஆவணி, ஆவணி எண்டு நிண்டனீங்கள்? பிறகு நான் வந்து இறங்க, உனக்கெண்டு புதுசா வாங்கினது எண்டு அதையே எனக்குத் தந்தீங்கள். பொக்கெற்றுக்குள்ளை உங்கடை சீப்பு கிடந்தது. நான் காட்டிக்குடுக்கேல்லை. ஒரு நாளும் காட்டிக்குடுக்கேல்லை."

அதற்குப் பிறகு அவ சிரித்தா. ஒரு வருஷமாக எங்களில் ஒருவரும் கேட்டிராத சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, இடையில் அழுகையும் கலந்து. அந்தச் சிரிப்பின் நடுவில் ஊளை எழும்பியது பாருங்கள், அப்படியொரு ஊளை! நான் என் பொத்தானில் கை வைக்கவில்லை. மைக் மேசையில் கிடந்தது. ஒருவரும் பேசவில்லை என்று எல்லோரும் பிறகு சத்தியம் செய்தார்கள். ஏறி ஏறி, அகப்பட்டுக்கொண்டவனின் ரோசத்தோடு உச்சிக்குப் போய், சட்டென்று நின்றது. அவவின் சிரிப்பும் நின்றிருந்தது.

நின்ற இடத்தில், மணியக்காவின் குரலைவிட மிகக் கிட்டத்தில், மைக்குக்கு நேராக வாய் வைத்தாற்போல், யாரோ இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தார்.

என் கை தானாகவே போய் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தது. பழக்கதோஷம். மறுபடி கூட்டியபோது வெறும் இரைச்சல்தான் கேட்டது.

யோகன் கைபேசியில் அழைத்தான். "அண்ணை, கேட்டியளோ?"

"கேட்டன்."

"அந்தப் பெட்டியிலை மைக் இல்லை அண்ணை."

"தெரியும்."

"நேற்று மைக் பூட்டுற ஓட்டைக்குள்ளை இருந்த தூசியை நான்தான் ஊதித் துடைச்சனான்."

"தெரியுமடாப்பா, வையடா போனை."

சிறிது நேரத்தில் மணியக்காவே அழைத்தா. நன்றாக இருந்ததாம், ஒரு சொல் விடாமல் கேட்டதாம். "ஒரு திகதி மட்டும் பிழை தம்பி, அதை விடுங்கோ, அவருக்கு அப்பிடித்தான் விருப்பம். நான் இஞ்சை தனிய இருந்து சிரிச்சுப்போட்டன், ஆரும் கேட்டிருந்தால் விசர் எண்டு நினைச்சிருப்பினம்." நான் "ஓமக்கா" என்றேன். "பெட்டியை எப்ப வந்து எடுக்கச் சொல்ல?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. "இருக்கட்டும். அடுத்த ஞாயிறும் கேப்பம்" என்றா.

லண்டன் பயணம் நின்றுவிட்டது. பெட்டி முன்னறையில் அதே மூலையில் இருக்கிறது, மணியக்காவும் ஞாயிறு பின்னேரங்களில் அங்கேதான் இருக்கிறா. நாங்கள் கதைக்கும்போது அவவின் குரல் இடைக்கிடை தூரத்தில் வரும். நான் ரயில் நேர அட்டவணை வாசிப்பதுபோல் கதைக்கிறேனாம். யோகன் கல்யாணம் கட்டவேண்டிய வயது தாண்டிவிட்டானாம். அது எங்களுக்குக் கேட்கிறது என்று யாரும் அவவிடம் சொல்லவில்லை. புது மைக் ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று சுகந்தி இரண்டு மூன்று தரம் சொல்லிவிட்டாள். வாங்கலாம். ஆனால் மைக் பூட்டுகிற இடம் வெறுமையாகத்தான் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க யோகனும் தயாரில்லை, நானும் தயாரில்லை.

என் பெட்டி அன்றிலிருந்து ஊளையிடவே இல்லை. தை என்றாலும் ஆவணி என்றாலும் சுத்தமாகப் போகிறது, வழக்கு முடிந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். போன கிழமை மாடிப்படியில் கீழ்மாடி மதாமைச் சந்தித்தேன். பொன்னர் என்ற பெயரே தெரியாதவ அவ. இப்போதெல்லாம் அந்தக் கொடிய சத்தம் இல்லை, நன்றி என்றா. பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல் கைப்பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னா:

"மொசியே, உங்கள் சிநேகிதர் ஒருவர், என்னுடைய குளியலறை வானொலியில் காலையில் தொண்டையைக் கனைக்கிறவர். கனைக்கிறார், ஆனால் ஒன்றும் பேசுவதில்லை. பாவம். அவரை ஒரு வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்."

எந்தக் காலையில் என்று கேட்க வாயெடுத்தேன். நாற்பது வருஷமாக எல்லோரிடமும் கேட்ட கேள்வி. வரவில்லை. "கண்டால் சொல்லிவிடுகிறேன், மதாம்" என்றேன்.